பலகையில் வந்த பகல் சாப்பாடு

சென்னையில் ஒரு தெருவில் புதிதாகச் சாப்பாட்டுக் கடை திறந்தால், முதல் வாரமே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து "சுமார்தான்" என்று உதட்டைப் பிதுக்குவது அந்தத் தெருக்காரர்களின் பிறப்புரிமை. துணிக்கடை, நகைக்கடை என்றால் கூட்டம் சேர்க்க ஒரு நடிகையாவது வந்து ரிப்பன் வெட்ட வேண்டும். சாப்பாட்டுக் கடைக்கு அந்தச் செலவெல்லாம் கிடையாது. வாசலில் இரண்டு வாழை மரம், ஒரு பலூன் வளைவு, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று ஒரு ஃபிளெக்ஸ். அன்றைக்குச் சுற்றுவட்டார ஆபீஸ்களில் அத்தனை பேருக்கும் பன்னிரண்டே காலுக்கே வயிற்றைக் கிள்ளத் தொடங்கிவிடும்.

எங்கள் ஆபீஸ் எழும்பூரில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லாத பேட்டை. அளவுச் சாப்பாடு, அளவில்லாச் சாப்பாடு, பிரியாணி, பரோட்டா, தள்ளுவண்டித் தயிர் சாதம் என்று நடந்து போகிற தூரத்தில் எல்லாம் கிடைக்கும். அங்கேதான், ஜெராக்ஸ் கடை காலி செய்துவிட்டுப் போன இடத்தில், ஒரு சாண்ட்விச் கடை முளைத்தது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், "அப்படி என்னதான் மோசம், பார்த்துவிடுவோமே" என்று நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். படம் படு மோசம் என்று தெரிந்த பிறகும் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்துத் திட்டுகிற ஜனங்கள் நாம்.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிதான் செய்தியைக் கொண்டுவந்தார். "சார், ரீல்ஸ்ல பாத்தேன். ஆம்பியன்ஸ் வேற லெவல் சார்!" என்றார். சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பேசும்போது சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லையே என்பது என் காதில் உறுத்தத்தான் செய்தது. ஆனால் பசி நேரத்தில் காது சொல்வதை வயிறு கேட்பதில்லை.

பக்கத்து மேஜை அக்கவுன்டன்ட் மேடம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் சார், உடம்பு சரியில்லையா? காய்ச்சலா?"

"நல்லாத்தானே இருக்கேன். ஏன் மேடம்?"

"ரொட்டி சாப்பிடப் போறேங்கிறீங்களே!"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. என் வயதுக்காரர்களுக்கு ரொட்டி என்பது காய்ச்சல்காரர் ஆகாரம். பாலில் தோய்த்து, ஸ்பூனால் ஊட்டுவார்கள். ஆஸ்பத்திரிக்கு நலம் விசாரிக்கப் போகிறவர்கள் ஆப்பிள், ஹார்லிக்ஸ் வாங்கிப் போனால், 'சீக்கிரம் எழுந்து நடமாடிவிடுவாய்' என்று அர்த்தம். கூடவே ரொட்டிப் பாக்கெட்டும் இருந்தால் படுத்திருப்பவர் கலவரமாகிவிடுவார். அப்படியிருக்க, நல்ல திடகாத்திரமான ஆசாமி பட்டப்பகலில் சோற்றை விட்டுவிட்டு, காசு கொடுத்து ரொட்டி தின்னக் கிளம்பினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

போகிற வழியில் தம்பிக்கு சாண்ட்விச்சின் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். சீனியர்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. அதைப் பொறுத்துக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் ஜூனியர்களுக்குச் சம்பளம்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் மாண்டேகு என்று ஒரு பிரபு இருந்தார். சாண்ட்விச் என்ற ஊரின் பெயரால் அமைந்த பட்டம் அவருடையது. அந்தப் பட்டத்துக்கு அவர் நான்காமவர். சீட்டாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொல்லி, ஆடிக்கொண்டே சாப்பிட்டார் என்பது ஊர் அறிந்த கதை. 1765இல் லண்டனுக்கு வந்து போன ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய பயணப் புத்தகத்திலிருந்து கிளம்பிய கதை இது. அதற்கு முன்பே, 1762இல், சரித்திர ஆசிரியர் கிப்பன் தன் நாட்குறிப்பில் சாண்ட்விச் என்ற பெயரைக் குறித்து வைத்துவிட்டார். மாண்டேகுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ராட்ஜர் என்பவருக்குச் சீட்டாட்டக் கதையில் நம்பிக்கை இல்லை. பிரபு கடற்படை நிர்வாகத்தின் தலைமைப் பொறுப்பை மூன்று முறை வகித்தவர், ஃபைல்களை விட்டு எழுந்திருக்க நேரமில்லாமல்தான் அப்படிச் சாப்பிட்டிருப்பார் என்பது அவர் கட்சி. 1778இல் கேப்டன் குக் ஹவாய்த் தீவுகளுக்கு 'சாண்ட்விச் தீவுகள்' என்று பிரபுவின் பெயரையே வைத்தார். தீவுக்கூட்டத்தில் அந்தப் பெயர் நிலைக்கவில்லை, ரொட்டியில் நிலைத்துவிட்டது.

சீட்டோ ஃபைலோ, எதுவானாலும் பிரபு போட்ட நிபந்தனைகள் தெளிவானவை. சீக்கிரம் வர வேண்டும். ஒரு கையில் அடங்க வேண்டும். இன்னொரு கைக்கு வேலை வைக்கக் கூடாது. மேஜையில் சிந்தக் கூடாது. இந்த நாலையும் ஒரே மத்தியான வேளையில் மீறிக் காட்ட முடியும் என்று அந்த மனிதர் நினைத்துப் பார்த்திருக்கவே மாட்டார்.

கடை வாசலில் பூசணிக்காய் உடைத்த சிவப்பு இன்னும் காயவில்லை. உள்ளே போனால் ஒரு சுவர் முழுக்க பிளாஸ்டிக் இலை. எதிர்ச் சுவரில் செங்கல் படம் போட்ட காகிதம். அதன் மேல் இளஞ்சிவப்பு நியான் விளக்கில் 'ஈட், லவ், ரிப்பீட்' என்று எரிந்தது. அதற்கு நேர் கீழே, கண் திருஷ்டிக்காக எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கடையில் புத்தம்புதிதாக, காரசாரமாக இருந்த ஒரே பதார்த்தம் அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.

உட்கார நாற்காலி கிடையாது, உயர ஸ்டூல்தான். ஐந்தரை அடி ஆசாமிக்குக் கால் தரையில் படாது. ஏறி உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "தம்பி, மெனு கார்டு குடுப்பா" என்றேன்.

"டேபிள்ல க்யூஆர் கோடு இருக்கு சார், ஸ்கேன் பண்ணுங்க."

செய்தேன். சக்கரம் சுற்றியது. கடைக்குள் சிக்னல் இல்லை. வைஃபை பாஸ்வேர்டு கல்லாவில் ஒட்டியிருந்தது. இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறினேன். அதற்குள் அதில் இருந்தது ஓ-வா பூஜ்யமா என்ற சந்தேகம் வர, மறுபடி இறங்கினேன். நம்மூர் டிபன் ஓட்டல் சர்வர் தோளில் துண்டோடு வந்து நின்று, "இட்லி வடை பொங்கல் பூரி கிச்சடி ரவா ஆனியன் ரவா நெய் ரோஸ்ட்" என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். அதற்கு சிக்னலும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம். காது மட்டும் இருந்தால் போதும். கடைசியில் நாம் கேட்பது "ரெண்டு இட்லி, ஒரு வடை"தான் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

ஆர்டர் கொடுப்பது அடுத்த கட்டம். கல்லாவில் நின்ற பையன் மரியாதையானவன். ஆனால் அவன் முன்னால் இருந்த கம்ப்யூட்டருக்கு எல்லாவற்றுக்கும் பதில் வேண்டியிருந்தது.

"ப்ரெட் என்ன சார்?"

"சாண்ட்விச்சுக்குப் போடற ப்ரெட்தான்பா."

"மல்டிகிரெய்ன், சவர்டோ, ஃபொகாச்சியா, ஹனி ஓட்ஸ் இருக்கு சார். சவர்டோன்னா ஐம்பது ரூபாய் எக்ஸ்ட்ரா."

சவர்டோ என்பது பாக்கெட் ஈஸ்ட் போடாமல், மாவிலும் காற்றிலும் உள்ள நுண்ணுயிர்களே புளிக்க வைத்த மாவில் செய்கிற ரொட்டி. நம் இட்லி மாவு ராத்திரி பொங்கி வருவதும் அதே கைங்கரியம்தான். வீட்டில் மாவு ஒரு நாள் கூடுதலாகப் புளித்துவிட்டால் அது பஞ்சாயத்து. வெங்காயத்தை அள்ளிப் போட்டு ஊத்தப்பமாக வார்த்து, சத்தம் போடாமல் தீர்த்துவிடுவார்கள். இங்கே அதற்கு ஐம்பது ரூபாய் எக்ஸ்ட்ரா. தம்பி சவர்டோ கேட்டார். நான் ஆரோக்கியத்தை உத்தேசித்து மல்டிகிரெய்ன் என்றேன்.

"வெஜ்ஜீஸ் எல்லாம் போடலாமா? ஆலிவ்? ஹாலபீனோ? சாஸ் என்ன சார், மயோ, மஸ்டர்ட், சிபோட்லே, ரேஞ்ச்?"

"ஏதாவது போடுப்பா."

"சாரி சார். ஏதாவது ஒண்ணு செலக்ட் பண்ணாத்தான் சிஸ்டம் நெக்ஸ்ட் போகும்."

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோதுகூட இவ்வளவு கேள்வி வரவில்லை. அங்கே பிறந்த ஊர், அப்பா பெயர் என்று தெரிந்த கேள்வியாகவாவது கேட்டார்கள். எனக்கு ஒரு பனீர் சாண்ட்விச், 349 ரூபாய். தம்பிக்கு ஒரு சிக்கன் சாண்ட்விச், சவர்டோவோடு சேர்த்து 399.

"ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்னு வாசல்ல போட்டிருக்கே?" என்று மெல்ல ஆரம்பித்தேன். சலுகை பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தானாம். அதுவும் இன்ஸ்டாகிராமில் கடையைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும். தம்பி அந்த நிமிடமே பின்தொடர்ந்துவிட்டார். சவர்டோவுக்குச் சலுகை பொருந்தாது என்றான் பையன். எப்படியும் மூன்று மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் பாக்கி இருந்தது. ஆனால் சாண்ட்விச் வருகிற வேகத்தைப் பார்த்தால் மூன்று மணியாகிவிடும்போலத்தான் இருந்தது.

"எல்லாம் ஃப்ரெஷ்ஷா பண்றோம் சார், அதான் லேட்" என்று சொல்லி, கையில் ஒரு சின்ன மின்சாரப் பெட்டியைக் கொடுத்தான். சாப்பாடு தயாரானால் அது அதிருமாம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சமையலறையைப் பார்த்தேன். ஃப்ரெஷ்ஷாகப் பண்ணுவது எப்படி என்று அங்கே கண்கூடாகத் தெரிந்தது. ஒருவர் ஃபிரிட்ஜைத் திறந்து ரொட்டியை எடுத்தார். அதே ஃபிரிட்ஜிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அதிலிருந்த பனீரைக் கிண்ணத்தில் போட்டு மைக்ரோவேவுக்குள் தள்ளினார். கொஞ்ச நேரத்தில் 'டிங்' என்றது. அந்த 'டிங்' ஃப்ரெஷ்தான், சந்தேகமில்லை.

ரொட்டியை ஃபிரிட்ஜில் வைத்தால் கெடாது என்று பலரும் நினைக்கிறார்கள். பூஞ்சை பிடிப்பது தள்ளிப்போகும், வாஸ்தவம். ஆனால் ரொட்டி வெளியே இருப்பதைவிட ஃபிரிட்ஜ் குளிரில்தான் சீக்கிரம் கிழடு தட்டும். வேகும்போது தண்ணீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து, குளிரில் மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகிவிடுகிறது. ஈரம் அப்படியே இருந்தாலும் ரொட்டி வறட்டு ரொட்டியாகிவிடும். தோசைக்கல்லில் போட்டு வாட்டினால் அந்த இறுக்கம் கொஞ்சம் விடும். மைக்ரோவேவில் வைத்தால் சூட்டோடு சூடாக ரப்பர், ஆறினால் பலகை. ரொட்டிக் கடை வைக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம் இது. அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு அவர்கள் நியான் விளக்கு வாங்கப் போயிருக்க வேண்டும்.

கையில் இருந்த பெட்டி அதிர்ந்தது. தூக்கிவாரிப் போட்டது எனக்கு. ஸ்டூலிலிருந்து விழாமல் இறங்கிப் போய் வாங்கி வந்தேன்.

தட்டு இல்லை. காய்கறி நறுக்குகிற மரப்பலகை மேல் சாண்ட்விச் நின்றது. நம் வீட்டில் விருந்தாளிக்கு இப்படிப் பரிமாறினால் அடுத்த தலைமுறை வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். பலகைக்கு விளிம்பு கிடையாது என்பதால் சாஸ் நேராக மேஜைக்கு இறங்கி, அங்கிருந்து என் சட்டையைப் பார்த்து நகர்ந்தது. ஓரமாக நாலே நாலு சிப்ஸ். உச்சியில் ஒரு குச்சி, குச்சியில் ஒரு ஆலிவ். பக்கத்தில் முள்கரண்டியும் கத்தியும். ஒரு கையால் சாப்பிடுவதற்காகப் பிறந்த பதார்த்தத்துக்கு இரண்டு கையும் போதாமல் ஆயுதமும் தேவைப்படும் என்று கடைக்காரர்களே ஒப்புக்கொண்டு கொடுத்த மாதிரி இருந்தது.

எடுக்கப் போனேன். "சார், ஒரு நிமிஷம்" என்று தம்பி கையைத் தடுத்தார். மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், நியான் எழுத்து பின்னால் தெரிய ஒரு படம், நான் சிரித்தபடி சாண்ட்விச்சைப் பார்க்க ஒரு படம். படத்தில் எல்லாமே பிரமாதமாகத்தான் இருந்தது. குறுக்கே முக்கோணமாக வெட்டி, வெட்டிய முகத்தை நம் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். வெள்ளைப் பனீர், சிவப்புத் தக்காளி, பச்சைக் கீரை என்று அடுக்கடுக்காகப் பொங்கி வழிந்தது.

உயரம்தான் பிரச்சினை. என் வாய் திறக்கிற அளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி, ஓரமாக ஒரு கடி கடித்தேன். முன்பக்கம் நான் கடிக்க, பின்பக்கத்தால் தக்காளி வெளிநடப்பு செய்தது. அதைப் பிடிக்கப் போனதில் பனீர் கலைந்தது. ஐஸ்பெர்க் கீரை மட்டும் கொள்கையில் உறுதியாக என் பல்லில் மாட்டிக்கொண்டு நின்றது. வாயில் மிஞ்சியது ரொட்டி. அதுவும் இனித்தது.

மல்டிகிரெய்ன் ஏன் இனிக்க வேண்டும் என்று கேட்டால், வெளிநாட்டிலேயே இந்த வழக்கு நடந்திருக்கிறது. அயர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2020இல் சப்வே என்ற சாண்ட்விச் கடையின் ரொட்டி, வரிச் சட்டத்தின்படி ரொட்டியே அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. மாவின் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். அந்த ரொட்டியில் இருந்தது பத்து சதவீதம். என் பலகையில் இருந்ததை அந்த நீதிபதிகள் ருசி பார்த்திருந்தால் பேரீச்சம்பழக் கேக்கு என்று தீர்ப்பு எழுதியிருப்பார்கள்.

தம்பி பக்கம் வேறு கதை. சவர்டோவின் மேல் ஓடு அவருடைய அண்ணத்தைப் பிராண்டிவிட்டது. கையால் அறுத்த ரொட்டி என்பதால் துண்டுகள் தடிமனாக, ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து இருந்தன. ரொட்டியை ஒரே சீராக அறுத்துத் தர ஒட்டோ ரோவெடர் என்ற அமெரிக்கர் வருஷக்கணக்கில் பாடுபட்டு ஒரு இயந்திரம் செய்தார். 1928 ஜூலையில் மிசௌரி மாநிலத்தில் சில்லிகாத்தி என்ற ஊரில் முதல் தடவையாக அறுத்த ரொட்டி விற்பனைக்கு வந்தது. 1943இல், யுத்த காலச் சிக்கனம் என்று சொல்லி அமெரிக்க அரசு அறுத்த ரொட்டிக்குத் தடை போட்டுப் பார்த்தது. இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாமல் தடையை விலக்கிக்கொண்டது. உலகமே அவ்வளவு ஆசையாகக் கொண்டாடிய சௌகரியத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோணல்மாணலாக அறுத்து, கூடுதல் விலை வைப்பதற்கு இன்றைக்குப் பெயர் 'ஆர்ட்டிசன்'.

பாதி தின்றபோது சந்தேகம் வந்து, மேல் ரொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது. பனீரையும் காயையும் வெட்டிய முகத்தை ஒட்டி இரண்டு விரல் அகலத்துக்கு நெருக்கி அடைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால், முக்கோணத்தின் மூலை வரைக்கும் வெறும் ரொட்டி. காமிரா போகிற இடம் வரை சரக்கு, பல் போகிற இடத்தில் வெற்றிடம். வெண்ணெய் என்று ஒன்று நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி, தக்காளித் தண்ணீர் ஊறி ரொட்டி கூழாகியிருந்தது.

வெண்ணெயை ருசிக்காகத் தடவுகிறார்கள் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதைவிட முக்கியமான காரியம் ஒன்று அதற்கு உண்டு. கொழுப்பு தண்ணீரை உள்ளே விடாது. தக்காளி, வெள்ளரிக்காய் எல்லாம் வெட்டியதும் தண்ணீர் விடும் சாதி. ரொட்டியின் ஓரம் வரைக்கும் வெண்ணெய் மூடியிருந்தால் அந்தத் தண்ணீர் ரொட்டிக்குள் இறங்க வழி கிடையாது. ஓரத்தை விட்டுவிட்டால், வாங்கின ஐந்தாவது நிமிடத்தில் சாண்ட்விச் களியாகிவிடும். சாண்ட்விச் போடத் தெரிந்தவரா என்று கண்டுபிடிக்க அவர் கத்தி ரொட்டியின் ஓரம் வரை போகிறதா என்று பார்த்தாலே போதும்.

மும்பைத் தெருமுனையில் நிற்கிற சாண்ட்விச்காரர் அந்தக் கத்தியை இரண்டே இழுப்பில் நாலு ஓரத்துக்கும் கொண்டுபோய்விடுவார். வெண்ணெய்க்கு மேல் கொத்தமல்லி, பச்சை மிளகாய் அரைத்த சட்னி. அதற்கு மேல் காகிதக் கனத்தில் சீவிய உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, தக்காளி, வெங்காயம். மேலே சாட் மசாலா. காய் மெல்லிசாக இருப்பதால் நழுவாது, கடித்தால் கூடவே அறுபடும். கைப்பிடி வைத்த டோஸ்டரில் அழுத்தி, நெருப்பில் காட்டி, ஒரு வாய்க்கு ஒரு துண்டாக வெட்டிக் கொடுத்துவிடுவார். அவருக்குச் சுவர் கிடையாது, அதனால் சுவரில் எழுத்தும் கிடையாது.

மும்பைக்கு எதற்குப் போக வேண்டும்? எங்கள் எழும்பூரிலேயே ஆல்சா மால் சாண்ட்விச் கடைகளில் ஜனங்கள் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். சௌகார்பேட்டையில் ரொட்டிக்குப் பதில் முறுக்கு. இரண்டு முறுக்குக்கு நடுவில் வெள்ளரி, தக்காளி, சட்னி வைத்து நீட்டுகிறார்கள். சேலத்துக்காரர்களைக் கேட்டால் தட்டுவடை செட்டுக்கு மிஞ்சி எதுவும் இல்லை என்பார்கள். சின்னச் சின்னத் தட்டுவடையில் ஒரு பக்கம் காரச் சட்னி, ஒரு பக்கம் புதினாச் சட்னி, நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம். முழுசாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான், சிந்துவதற்கு இடமே கிடையாது. டீக்கடை பிரெட் ஆம்லெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை ஈரமாக இருக்கும்போதே ரொட்டியை அதன் மேல் வைத்துத் திருப்பிப் போடுகிறார். முட்டை வேகும்போது ரொட்டியைக் கவ்விக்கொள்கிறது. தோசைத் திருப்பியின் விளிம்பாலேயே நாலாக வெட்டித் தருகிறார். டீ ஆறுவதற்குள் தின்று முடித்துவிடலாம். மாண்டேகு பிரபுவின் பெயரையே கேள்விப்படாத இவர்கள் அத்தனை பேரும் அவர் போட்ட நிபந்தனைகளை ஒன்று விடாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பில் வந்தது. 748 ரூபாய்க்கு மேல் சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம், 74 ரூபாய் 80 காசு. இரண்டையும் கூட்டி அதன் மேல் ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி. ஆக மொத்தம் 864. ஆர்டரைக் கல்லாவில் போய்க் கொடுத்தது நான், பாஸ்வேர்டு பார்க்க இறங்கியது நான், பலகையைத் தூக்கிவந்தது நான். சர்வீஸ் சார்ஜ் யார் யாருக்குத் தர வேண்டும் என்று பையனிடம் கேட்டேன்.

"சிஸ்டம்லயே ஆட்டோமேட்டிக்கா வருது சார்."

தானாக வரக் கூடாது என்பதுதான் சட்டம் என்றேன். ஓட்டல்கள் தாமாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையத்தின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. கடைக்காரர் அதை எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம். இதையெல்லாம் நான் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே பையன் ஒரு பொத்தானைத் தட்டி, 785க்கு வேறு பில் போட்டுக் கொடுத்துவிட்டான். ரொட்டி விஷயத்தில் பிடிவாதம் பிடித்த சிஸ்டம், காசு விஷயத்தில் இவ்வளவு சுலபமாக வழிக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்றைய பகலில் எனக்கு ஜீரணமான ஒரே விஷயம் அந்த 79 ரூபாய்தான்.

வெளியே வரும்போது, "சார், கூகுள்ல ஒரு ஃபைவ் ஸ்டார் போடுங்க சார்" என்று இன்னொரு க்யூஆர் கோடை நீட்டினான். அவன் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ரொட்டியை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னதும் அவனில்லை, வெண்ணெயை நடுவில் வைக்கச் சொன்னதும் அவனில்லை. தம்பி படத்தைப் போட்டுவிட்டார், எழுத்தில் ஒன்றும் எழுதவில்லை. சாயங்காலத்துக்குள் அதைப் பார்த்துவிட்டு எங்கள் ஆபீஸிலேயே மூன்று பேர், "செமயா இருக்கே, எந்தக் கடை?" என்று கேட்டார்கள். இந்த மாதிரிக் கடைகள் எப்படி நிரம்புகின்றன என்ற ரகசியம் எனக்கு அப்போது விளங்கியது.

ஆபீஸுக்குத் திரும்பும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மேஜையை விட்டு எழுந்திருக்காமல் வேலை பார்ப்பதற்காகப் பிறந்த பதார்த்தத்துக்காக ஒரு மணி நேரம் மேஜையை விட்டுப் போயிருந்தோம். மேடம் எதுவும் கேட்கவில்லை. டிபன் பாக்ஸ் மூடியில் ஒரு கை எலுமிச்சை சாதமும் ஒரு துண்டு வடுமாங்காயும் தனியாக எடுத்து வைத்திருந்தார். "பேஷன்ட்டுக்கு" என்று மட்டும் சொன்னார்.

புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுவரில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், எந்த நிற விளக்கை வேண்டுமானாலும் எரியவிடுங்கள். ரொட்டியை மட்டும் ஃபிரிட்ஜுக்கு வெளியே வையுங்கள். வெண்ணெயை ஓரம் வரை தடவுங்கள். காயை மூலை வரை பரப்புங்கள். பத்து நிமிடத்தில் கொடுங்கள். மற்றதை நாங்கள் படம் பிடித்துக்கொள்கிறோம்.

வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதுக் கடைக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீங்கள் கேட்கப் போவதில்லை. மத்தியானப் பசியோடு மட்டும் போகாதீர்கள். சாயங்காலம், வயிற்றில் ஏதாவது இருக்கும்போது போங்கள். ஏமாந்தாலும், ராத்திரிச் சாப்பாடு வீட்டில் இருக்கும்.